ஒன்பதாம் சாம்பியனின் தோள்

மாருகிதா மல்யுத்தக் கழகத்தின் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்துக்கு முப்பது வயது நிறைந்ததும் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். நல்ல வழவழப்பான தாள், ஒவ்வொரு சாம்பியனுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். எழுதிக் கொடுத்தவன் நான். அதில் ஒன்பதாம் சாம்பியனைப் பற்றிய பக்கத்தில் இருப்பது பொய். திருத்தம் கேட்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். ஒரு எண் மாறினால் அதற்குப் பின்னால் வந்த பதினெட்டுப் பேரின் எண்ணும் மாறும், போஸ்டர், துவாலை, சட்டை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், நடக்கிற காரியமா என்று கேட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் என் சொந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நான் சாம்பியனாக இருந்தவன் இல்லை. நடுவர். பெயர் நுகாகா. 1989 ஏப்ரலில் அந்தப் பட்டத்துக்காக நடந்த முதல் ஆட்டத்திலிருந்து ஒன்று விடாமல் எல்லா ஆட்டத்திலும் ரிங்குக்குள் நின்றவன் நான் ஒருவன்தான். யார், எங்கே, எத்தனை நிமிடம், எந்தப் பிடியில் என்று ஆட்டம் முடிந்ததும் பேருந்தில் உட்கார்ந்து எழுதிவிடுவேன். அந்த நோட்டுகளை நம்பித்தான் என்னிடம் வந்தார்கள்.

ஜூனியர் என்றதும் சின்னப் பையன்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எடை நூறு கிலோவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் விதி. எடையிலும் ஊரறிந்த பொய் உண்டு. எண்பது கிலோ ஆளை ஒலிபெருக்கியில் தொண்ணூற்று மூன்று என்பார்கள். ஹெவிவெயிட் பெரியவர்கள் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றாலே கூட்டம் கைதட்டும். ஜூனியர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கயிற்றின் மேலேறிக் குதிக்க வேண்டும், தலைகீழாக விழ வேண்டும், அப்போதுதான் பார்ப்பார்கள். யார் ஜெயிப்பார் என்பது முன்னாலேயே முடிவாகியிருக்கும். விழுவதை மட்டும் யாரும் முன்னால் விழுந்து வைக்க முடியாது.

பட்டத்தின் வரலாறும் அப்படி ஒன்றும் புனிதமானது இல்லை. முதல் சாம்பியன் இரண்டே வருடத்தில் முழங்கால் போய் கார் விற்கப் போனார். மூன்றாவது ஆள் மெக்சிகோவிலிருந்து வந்த முகமூடிக்காரர். ஒரு நாள் சாம்பியன் பெல்ட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியவர்தான், திரும்பவே இல்லை. இப்போதிருப்பது அதற்குப் பிறகு அவசரமாகச் செய்த இரண்டாவது பெல்ட், பித்தளை கொஞ்சம் மெலிசு. ஐந்தாமவர் எடை பார்க்கும் அன்று காலையில் நூற்றொன்றரை இருந்தார். துண்டைக்கூட அவிழ்த்துவிட்டு நின்று பார்த்தார், முள் இறங்கவில்லை. பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று மதியமே நான்கு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. ஏழாமவரின் கதையிலிருந்துதான் சிரிப்பு நின்றது.

1996-இல், ஆறாவது சாம்பியன் தோற்கக்கூடாத ஓர் ஆட்டம். கழுத்தோரம் ஓர் உதை பட்டு அவர் நிஜமாகவே மயங்கிவிட்டார். எதிராளி மேலே விழுந்து அமுக்கினார். இரண்டு தோளும் தரையில் கிடக்க நடுவன் தரையில் மூன்று அடி அடித்து எண்ணிவிட்டால் கீழே கிடப்பவன் தோற்றான். இரண்டுக்கு அப்புறம் சாம்பியன் தோளைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தோள் எழவில்லை. எங்கள் தொழிலில் நடுவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், தோள் தரையில் இருந்தால் எண்ணு என்பதுதான். ஏற்பாடு எக்கேடும் கெட்டுப் போகட்டும், பார்க்கிற ஆயிரம் கண்ணுக்கு முன்னால் கை நிற்கக்கூடாது. நான் மூன்றாவது அடியை அடித்தேன். ஜெயிக்க வேண்டாதவன் ஜெயித்தான். அவன்தான் ஏழாம் சாம்பியன், பதினொரு நாள் வைத்திருந்தான், அடுத்த ஊரில் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

உடை மாற்றும் அறையில் கழகத்து முதலாளி என்னைச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கச் சொன்னார். கடைசி ஆட்டம் முடியும்வரை, இருபத்து மூன்று நிமிடம், அப்படியே இருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "கண்ணு இருக்காடா உனக்கு? நீ தோளைப் பாக்குறவன் இல்ல. முடிவைக் காப்பாத்துறவன்," என்றார் முதலாளி. சரியாகச் செய்ததற்கு அவ்வளவு பெரிய தண்டனை கிடைத்தால் மனிதன் சரியாகச் செய்வதை மறந்துவிடுகிறான். நான் மறந்தேன்.

ஒன்பதாம் சாம்பியன் டொகுரா மசாகி. ஒலிபெருக்கியில் தொண்ணூற்று மூன்று, தராசில் எண்பத்தொன்று. பேருந்தில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பான், யார் பெட்டியிலாவது சோற்றுருண்டை இருந்தால் அது அவனுடையதாகிவிடும். அவனுக்குச் சரியான ஜோடி ஒரிடோ. மூன்று வயது இளையவன், வாயே திறக்கமாட்டான், ஆனால் அவன் கையில் எறிபடுவதற்கு எல்லோருக்கும் ஆசை. அவ்வளவு பத்திரமாக எறிவான். அவன் வீசினால் படுக்கையில் போட்ட மாதிரி இருக்கும் என்று டொகுராவே சொல்வான்.

2003 பிப்ரவரி ஒன்பதாம் தேதி. வடக்கே ஒரு சிற்றூரின் உடற்பயிற்சிக் கூடம். வெளியே இடுப்பளவு பனி, உள்ளே நான்கு மண்ணெண்ணெய் அடுப்பு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த எண்ணூறு பேர். டொகுரா பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மறுமாதம் டோக்கியோவில் பெரிய அரங்கில் அவன் வேறொருவரோடு மோதுவதாக போஸ்டர் அச்சாகிவிட்டது. பெல்ட்டோடு நிற்கிற டொகுராவின் படம் ரயில் நிலையங்களில் ஒட்டியாகிவிட்டது. அன்று பெல்ட் கை மாறினால் அத்தனையும் பாழ். ரிங்குக்குப் போகும்போது முதலாளி என் தோளைத் தட்டி, "இன்னிக்குத் தூங்கிடாத," என்றார்.

பதினேழு நிமிடம் நன்றாகத்தான் போனது. ஒரிடோ பின்னாலிருந்து டொகுராவின் இரண்டு கைகளையும் பின்னிக்கொண்டு தன் தலைக்கு மேலாக வீசினான். வீசியவன் தானும் பின்னால் வளைந்து, கால்விரலிலும் உச்சந்தலையிலும் நின்றபடி அவனை அமுக்கிப் பிடித்தான். அந்த நிலையில் அவனுக்கு டொகுராவின் முகம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் விரிப்பில் படுத்து, என் கன்னம் டொகுராவின் கன்னத்தில் படுகிற தூரத்தில் இருந்தேன்.

ஒன்று. இரண்டு.

தோள் எழவில்லை. என் வலது கை மேலே நின்றது. கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது, மயங்கவில்லை. மயங்காதவன் ஏன் தூக்கவில்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இதை மறைக்கமாட்டேன், முதலில் வந்தது கோபம். "தோளு, தோளு," என்று முணுமுணுத்தேன். சிமெண்டுத் தரை ஞாபகம் வந்தது. என் இடது கை தானாக அவன் வலது தோளுக்கு அடியில் போனது. நனைந்த அரிசி மூட்டை மாதிரி கனத்தது. முட்டுக் கொடுத்துத் தள்ளினேன். தோள் நான்கு விரற்கடை எழுந்தது, தலை ஒரு பக்கம் உருண்டது. கூட்டம் எழுந்து நின்று காலால் தரையை உதைத்தது. கையை எடுத்தேன், தோள் தொப்பென்று விழுந்தது.

ஏற்பாட்டின்படி நடந்துவிட்டது என்று நினைத்து ஒரிடோ பிடியை விட்டுப் புரண்டான். அப்போதுதான் டொகுரா பேசினான். குரலில் பயம் இல்லை, பையில் எதையோ தேடுகிறவன் குரல்.

"நுகாகா அண்ணே, காலைக் காணோம்."

இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தேன். இது நடிப்பில்லை, ஆட்டம் நின்றது என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லும் சைகை அது. மணி அடித்தார்கள். கூட்டம் அப்போதும் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. விழுந்த பிறகு அவரை யாராவது அசைத்தீர்களா. விழுந்ததில் எலும்பு விரிசல் கண்டிருக்கலாம், ஆனால் நரம்பு நசுங்கியது அதற்கப்புறம் கழுத்து திரும்பியபோதாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றார். இரண்டடி தள்ளி ஒரிடோ சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான், ஆட்டத்துக்குப் போட்ட பூட்ஸோடு, மேலே யாருடையதோ கோட்டு. எதிரே டொகுராவின் மனைவி சுமியே, ஏழு மாத வயிற்றோடு. முதலாளியும் இருந்தார்.

"யாரும் அசைக்கல. அவரே தோளைத் தூக்கினாரு," என்றேன்.

மருத்துவர் எழுதிக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், எல்லோருக்கும் அந்தச் சோறு பிடித்திருந்தால். ஒளிப்பதிவில் என் முதுகு கையை மறைத்துவிட்டது. அசைய முடியாத உடம்பு கடைசியாக ஒரு தரம் அசைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. மூன்று விழ ஒரு மயிரிழை இருக்கும்போது எழுந்த தோள் என்பதால் "2.9" என்று பெரிதாக அச்சடித்துக் கழகம் துவாலை விற்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பட்டம் காலி என்று அறிவித்தார்கள். ஒரிடோவை அதற்கு நிற்கச் சொன்னபோது மாட்டேன் என்றான். அவனுக்கு வந்த கடிதங்களில் சிலவற்றில் சவரக் கத்தி இருந்தது. வீசத் தெரியாதவன், கழுத்தை முறித்தவன் என்று எழுதினார்கள். ஆறு மாதம் எதிராளியைத் தொடவே பயந்து பயந்து ஆடினான், பிறகு அப்பாவின் ஊருக்குப் போய் ஆப்பிள் தரம் பிரிக்கும் கூடத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. டொகுராவையும் பார்க்கப் போகவில்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்புவேன்.

பதினாறு வருடம் இப்படியே ஓடியது. இந்தப் புத்தகம் வராமல் இருந்திருந்தால் நானும் இப்படியே செத்திருப்பேன். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தந்தச் சாம்பியனிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். டொகுரா அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பிய பதில் ஒன்றுதான். நுகாகா அண்ணன் கொண்டு வந்தால் பார்க்கிறேன்.

டொகுராவின் ஊரான ஷிரோய்ஷியில் இறங்கி நடந்தேன். நவம்பர் மாத முதல் ஞாயிறு. ஒவ்வொரு வீட்டுக் கூரையோரமும் தக்காளி போலச் சிவந்த சீமைப்பனிச்சம் பழங்களை உரித்துக் கயிற்றில் கோத்துக் காயத் தொங்கவிட்டிருந்தார்கள். சுமியே கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வாசலில் காலணியைக் கழற்றும்போது ஏற்கெனவே ஒரு ஜோடி பெரிய காலணி, மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்ததைக் கவனித்தேன். யாரோ விருந்தாளி என்று நினைத்தேன்.

பாய் விரித்த அறையில் உயரம் மாற்றுகிற கட்டில். அதில் டொகுரா. எண்பத்தொரு கிலோவில் ஐம்பது இருந்தால் அதிகம். கட்டிலின் கால்மாட்டில் ஒருவன் மண்டியிட்டு, டொகுராவின் வலது பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். நகம் சிதறாமலிருக்க அடியில் ஒரு பழைய துவாலை. வெளுத்துப்போயிருந்தாலும் அதிலிருந்த "2.9" படிக்க முடிந்தது. அவன் திரும்பி, நெற்றி தரையில் படும்படி எனக்கு வணக்கம் சொன்னான். ஒரிடோ.

"வாங்கண்ணே," என்றான் டொகுரா. "பதினாறு வருசமா பேரிக்கா மட்டும் வந்துச்சு. இன்னிக்குத்தான் ஆளு வந்திருக்கு. என்ன பாக்குறீங்க? இவன்தான் எனக்கு நகம் வெட்டுறவன். மாசாமாசம் மொத ஞாயித்துக்கிழமை ஆஜர். இவன் சொல்லித்தான் எனக்கு இன்னும் காலு இருக்குன்னே தெரியும்."

சுமியே மெல்லிய குரலில் மற்றதைச் சொன்னாள். அந்த மார்ச்சிலிருந்து வருகிறானாம். மூன்று ரயில் மாறி, ஐந்து மணி நேரம். முதல் இரண்டு வருடம் வாசல்படியைத் தாண்டவில்லை, அங்கேயே மண்டியிட்டு வணங்கிவிட்டுப் போவான். உள்ளே வரச் சொன்ன பிறகு இந்த வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை நூற்றிரண்டு காய்ச்சலோடு வந்து, நகம் வெட்டிவிட்டு, ரயில் நிலையத்தில் விழுந்து கிடந்தான். ஒரிடோ தலையை நிமிர்த்தவில்லை. சுண்டுவிரல் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தான்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அழுதால் நன்றாக இருந்திருக்கும், அழுகையும் வரவில்லை. டொகுராவுக்குத்தான் தீங்கு செய்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த ஒரு பொய்யில் இன்னொரு ஆளையும் சேர்த்துப் புதைத்திருக்கிறேன் என்பது அந்த நகவெட்டியின் சத்தத்தில்தான் உறைத்தது.

பக்கத்தை எடுத்து நீட்டினேன். டொகுரா ஒரிடோவைப் படிக்கச் சொன்னான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். ஒன்பதாம் சாம்பியன், டொகுரா மசாகி. மூன்றாவது ஆட்டம், எதிராளி ஒரிடோ. பதினேழு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. காயம் காரணமாக முடிவில்லை. பட்டம் காலி.

"அவ்வளவுதானா? தோளு எங்க?" என்றான் டொகுரா. "நீங்க பக்கத்துல இருந்தீங்களேண்ணே. எழுதுங்க. கைகாலு ஒண்ணும் தெரியல, ஆனா மேல இருந்த லைட்டு நகந்துச்சு. அதப் பாத்துத்தான் தூக்கிட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எம் பொண்ணு பொறந்ததுலேருந்து அதைத்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன். நர்ஸ் படிப்பு சொல்லித்தர்ற பள்ளிக்கூடத்துல, விடுதியில தங்கிப் படிக்கிறா. பரிச்சைக்கு முன்னாடி போன் பண்ணி, அப்பா தோளை நெனச்சுக்கிறேன்னு சொல்றா. லைட்டு நகந்துச்சுன்னு போடுங்க."

நகவெட்டி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு பக்கம் அந்தத் தோள், ஒரு பக்கம் அந்த நகவெட்டி. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். நான் நகவெட்டியைப் பார்த்தபடியே பேசினேன்.

"டொகுரா, அந்தத் தோளை நீ தூக்கல. நான் தூக்குனேன்."

 பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் சாம்பியனை, சிமெண்டுத் தரையை, ரயில் நிலையத்துப் போஸ்டரை, கோபத்தை, கையை. மருத்துவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். ஒரிடோவின் வீச்சில் மட்டும் வந்தது இல்லை, என் கையால் வந்திருக்கலாம், எது என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை என்றும் சொன்னேன். தேநீர்த் தட்டோடு வந்த சுமியே வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டொகுரா கண்ணை என் பக்கம் திருப்பினான்.

"எந்தக் கை?"

"இடது கை."

"காட்டுங்க."

கட்டிலருகே போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவனால் தொட முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். விரல் விரலாகப் பார்த்தான். துப்புவான் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் கீழ கெடந்தேன்?"

"மூணு எண்ணியிருக்கலாம். அஞ்சுகூட எண்ணியிருக்கலாம்."

"அப்ப நான் தோத்துட்டேன்." குரல் மாறவில்லை. "எண்ணுங்கண்ணே. ரெண்டுல நிக்குது பாருங்க, பதினாறு வருசமா. அந்த மூணாவதை அடிங்க."

முடியாது என்றேன். அடிக்கச் சொன்னான். சுமியேயைப் பார்த்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்டியிட்டு வலது கையைத் தூக்கினேன். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை தரையில் அடித்த கை, கூச்சப்பட்டது. பாயில் அடித்தேன். ஒரே அடி. பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது.

டொகுரா கண்ணை மூடித் திறந்தான். "டேய் ஒரிடோ. பத்தாவது சாம்பியன் நீதான். அது நல்ல வீச்சு. படுக்கையில போட்ட மாதிரிதான் போட்ட. உம் மேல ஒரு குத்தமும் இல்ல. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. இனிமே வராத."

ஒரிடோவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். பதினாறு வருடச் சுமையை இறக்கி வைத்துவிட்டேன் என்று எனக்குள் லேசாக ஒரு பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்டவன் நான். ஒரிடோ எழவில்லை. வலது பாதத்தைத் துவாலையிலிருந்து இறக்கிப் போர்வைக்குள் வைத்தான். இனி மாதாமாதம் மூன்று ரயில் மாறி எங்கே போவது என்று வழி தெரியாதவன் முகம் அது.

"இடது காலு மிச்சம் இருக்குண்ணே," என்றான்.

இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெருவிரல் சரியாகத்தான் வந்தது. இரண்டாவது விரலில் அவன் பிடி வழுக்கியது. ரிங்கில் ஒருநாளும் வழுக்காத பிடி. நகவெட்டி நகத்தைத் தாண்டிச் சதையில் இறங்கியது. ரத்தம் ஒரு சொட்டு, பிறகு நூலாக, துவாலையில் விழுந்தது.

டொகுராவுக்குத் தெரியவில்லை. கூரையில் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரிடோ என்னைப் பார்த்தான். நான் சுமியேயைப் பார்த்தேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து, தன் சமையலறை மேலாடையின் நுனியால் அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இது புதிதில்லை போலிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான் டொகுரா.

"முடிஞ்சுதுண்ணே," என்றான் ஒரிடோ.

"ஒழுங்கா வெட்டுனானா பாருங்கண்ணே. இனிமே நீங்கதானே சொல்லணும், எனக்கு எது நடந்துச்சு எது நடக்கலன்னு."

துவாலையில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. ஒரிடோ தலையை ஆட்டினான், சொல்லாதே என்று.

"ஒழுங்கா வெட்டியிருக்கான்," என்றேன்.